கடல் அட்டை: தோலைப் பார்த்துப் பெயர் சொன்னவர்கள்

அட்டை என்றதும் வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் பிராணிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் போய் அட்டை என்று சொல்லிப் பாருங்கள். அங்கே அது வேறு பிராணி, வேறு தொழில், இப்போது வேறு வழக்கு. பாம்பன், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று அந்தக் கரை நெடுகிலும் தலைமுறை தலைமுறையாக அட்டை எடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கடல் அட்டை கடிக்காது, ரத்தம் குடிக்காது. வாயில் அதற்குப் பல் கிடையாது. (வேறோர் இடத்தில் பல் வைத்திருக்கும் அட்டை ஒன்று உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.) நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி, முட்தோலிகள் என்று விலங்கியலார் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறக்குறைய 1,700 வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. நம் நாட்டுக் கடல்களில் சுமார் 200.

இந்த 200-இல் வியாபாரத்துக்கு ஆனது ஒரு டஜன் இருந்தால் அதிகம். அந்த ஒரு டஜனைப் பிரித்தறிவதுதான் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஒரு தொழிலின் உயிர்நாடியாக இருந்தது. தமிழன் இதைச் சாப்பிடுவதில்லை. சீனர்கள் சாப்பிட்டார்கள். அவர்கள் இதை ‘ஹாய்ஷென்’, அதாவது கடலின் ஜின்செங் வேர் என்று அழைத்து, உடம்புக்கு வலுத் தரும் பண்டமாக விருந்தில் வைத்தார்கள். ஆகவே நம் கரையில் பிடித்து, அவித்து, காயவைத்து, கப்பலேற்றி அனுப்பியது முழுக்க முழுக்க அடுத்தவன் நாக்குக்காக. எந்த அட்டைக்கு அங்கே என்ன விலை என்பது தெரியாமல் இங்கே ஒருவன் கடலில் இறங்க முடியாது. அடையாளம் தவறினால் அன்றைய கூலி போச்சு.

நம் மீனவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். விலை உயர்ந்தது வெள்ளை அட்டை. பேச்சில் ‘வெள்ள அட்டை’. பார்த்தால் முதுகு கருஞ்சாம்பல் நிறம், குறுக்கே சுருக்கம் சுருக்கமாக மடிப்பு. வெள்ளை எங்கே என்று கேட்கத் தோன்றும். திருப்பிப் போட்டால் வயிறு வெள்ளை, அதில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி. கடலில் கிடக்கும்போது முதுகைப் பார்க்கிறோம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் உறுதி செய்கிறோம். உறுதி செய்யும் இடத்தை வைத்தே பெயர் அமைந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அடுத்தது நூல் அட்டை. இதைச் சீண்டினால் பின்பக்கமாக வெள்ளை வெள்ளையாக நூலை வெளியே தள்ளும். கையில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. எதிரி நண்டோ மீனோ அந்த நூலில் சிக்கித் தவிக்கும்போது அட்டை தப்பித்துவிடும். குச்சி அட்டை கன்னங்கரேலென்று ஒல்லியாக இருக்கும், விலை குறைவு. ராஜ அட்டைக்கு உடம்பெல்லாம் கூர்மையான முனைகள். மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும், ஒரே பெயரை இரண்டு ஊரார் இரண்டு அட்டைக்கு வைப்பதும் நடக்கும். ஆனால் வெள்ளை அட்டையையும் நூல் அட்டையையும் யாழ்ப்பாணத்து, மன்னார்க் கரையிலும் இதே பெயரில்தான் சொல்கிறார்கள். சிங்களக் கரையில்கூட ‘நூல் அட்டயா’ என்றே வழங்குகிறது. சரக்கோடு சேர்ந்து சொல்லும் கடல் தாண்டியிருக்கிறது.

இதே காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இந்தப் பிராணியை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். ‘ஹோலோதூரியா’ என்ற சொல் அரிஸ்டாட்டில் காலத்துக் கிரேக்கச் சொல். எதைக் குறித்து அவர் சொன்னார் என்பதே தெளிவில்லை. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் அந்தச் சொல்லை ஒரு பேரினப் பெயராக வைத்தார். அதன் கீழ் அவர் சேர்த்தவற்றுள் இன்று நாம் கடல் அட்டை என்று சொல்லும் எதுவும் இல்லை! நீலநிறப் பைபோல நீரில் மிதந்துவந்து சுருக்கென்று கொட்டும் ‘போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்’ என்ற பிராணியும் கண்ணாடிபோல் மிதக்கும் வேறு சிலவும்தான் இருந்தன. பிறகு வந்த பதிப்பில் உண்மையான அட்டையும் உள்ளே வந்தது. எல்லோரும் அட்டையையே அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டதால், விதிப்படி பார்த்தால் பெயர் வேறு பிராணிக்குப் போக வேண்டும், வழக்குப்படி அட்டைக்குப் போக வேண்டும் என்று பெரிய சிக்கல். 1924-இல் விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையம் விதியை ஒதுக்கிவைத்து, ஹோலோதூரியா என்பது அட்டைக்கே என்று தீர்ப்புச் சொன்னது. வெள்ளை அட்டை எது, நூல் அட்டை எது என்பதில் வேதாளையில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, ஐரோப்பியரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1833-இல் யேகர் என்பவர் சூரிச் நகரில் பட்டத்துக்காக லத்தீன் மொழியில் ஓர் ஆய்வேடு வெளியிட்டார். முழுக்க முழுக்க கடல் அட்டைகளைப் பற்றியது. நம் வெள்ளை அட்டைக்கு ‘ஹோலோதூரியா ஸ்காப்ரா’ என்றும், குச்சி அட்டைக்கு ‘ஹோலோதூரியா ஆட்ரா’ என்றும், நூல் அட்டைக்கு ‘போஹாட்ஷியா மார்மொராட்டா’ என்றும் அறிவியல் பெயர் வைத்தது அவர்தான். ஸ்காப்ரா என்றால் சொரசொரப்பு, ஆட்ரா என்றால் கறுப்பு, மார்மொராட்டா என்றால் சலவைக்கல் போன்ற கோலம். அவருடைய மாதிரிகள் செலிபிஸ் தீவிலிருந்து வந்தவை. இன்று அதைச் சுலவேசி என்கிறோம். அங்குள்ள மக்காசர் துறைமுகத்திலிருந்து அட்டை எடுக்கவே பாய்மரக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவின் வடகரை வரைக்கும் போய்வந்தன. 1907 வரை அந்தப் போக்குவரத்து நடந்தது. அறிஞருக்கு மாதிரி கிடைத்த தீவு, வியாபாரம் செழித்த தீவேதான்.

இங்கே அட்டையின் உடல் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. முட்தோலிகள் எல்லாமே ஐந்து ஐந்தாக அமைந்தவை. நட்சத்திர மீனின் ஐந்து கை எல்லோருக்கும் தெரியும். கடல் முள்ளெலியைப் பூரி மாவு உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலிருந்து கீழாக ஐந்து பட்டை ஓடுகிறது. அந்த உருண்டையை நீளவாக்கில் இழுத்து, பக்கவாட்டில் படுக்கப் போட்டால் அதுதான் அட்டை. ஒரு முனையில் வாய், மறுமுனையில் மலவாய். ஐந்து பட்டையில் மூன்று கீழே தரையில் படுகிறது, இரண்டு மேலே வருகிறது. கீழ்ப்பக்கத்தில் சிறுசிறு குழாய்க் கால்கள். அவற்றால் மெல்ல நகரும். மேல்பக்கத்தில் அதே கால்கள் உருமாறி முகிழ்களாகவோ கூர்முனைகளாகவோ நிற்கும். வாயைச் சுற்றி உணர்கொம்புகள். நம் வியாபார அட்டைகளில் பெரும்பாலும் 20 கொம்புகள், நுனி விரிந்து கேடயம் மாதிரி. மணலை அள்ளி வாயில் போடத் தோதானவை. கொம்பு மரக்கிளைபோல் பிரிந்திருந்தால் அது வேறு குடும்பம், நீரில் மிதந்துவரும் உணவைப் பிடிப்பது. குழாய்க் காலே இல்லாமல் பாம்புபோல் நீண்டு, கையில் எடுத்தால் தோல் ஒட்டிக்கொள்கிறதா, அது இன்னொரு கூட்டம். அதற்குச் சந்தையில் மதிப்பில்லை.

இனி அந்தப் பல் விஷயம். ‘ஆக்டினோபைகா’ என்ற இனத்தில் மலவாயைச் சுற்றி ஐந்து சுண்ணாம்புப் பற்கள் இருக்கும். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கே ‘கதிர்ப் பிட்டம்’ என்றுதான் பொருள். அறிஞர்களும் சில சமயம் மீனவர்களைப் போலவே வெளிப்படையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அட்டைகள் மூச்சு விடுவதும் அந்த வழியாகத்தான். நீரை உள்ளே இழுத்து வெளியே விடும். சில அட்டைகளின் உள்ளே ஒல்லியான ஒரு மீன் குடியிருக்கும், அதே வழியாகப் போய்வரும்.

ஒரு பெரிய குறை உண்டு. ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. இனப்பெருக்கம் செய்யும் நேரத்தில் முன்பாகத்தைத் தூக்கி ஆடிக்கொண்டு விந்தையோ முட்டையையோ நீரில் விடும்போது பார்த்தால்தான் உண்டு.

அறிஞர்கள் வெளி உறுப்புகளை மட்டும் நம்பவில்லை. தோல் சுருங்கும், விரியும்; நிறம் இடத்துக்கு இடம் மாறும்; சாராயத்தில் போட்டால் எல்லாம் வெளுத்துவிடும். ஆகவே அவர்கள் தோலுக்குள் போனார்கள். அட்டைக்கு முதுகெலும்பு கிடையாது; ஆனால் அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் சில மேசை மாதிரி, சில சட்டைப் பொத்தான் மாதிரி, கையில் ஒட்டும் அந்தக் கூட்டத்தில் நங்கூரம் மாதிரி. அறிவியல் நூல்களும் அவற்றை மேசை, பொத்தான், நங்கூரம் என்றே அழைக்கின்றன. வகைக்கு வகை வடிவம் மாறுவதால் கைரேகைபோல் அது பயன்பட்டது.

இந்தப் பரிசோதனைக்கு நம் கடலிலிருந்தும் மாதிரிகள் போயின. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் திரட்டிய முட்தோலிகளைப் பற்றி பெல் என்பவர் 1888-இல் லண்டனில் அறிக்கை வெளியிட்டார். இலங்கை முத்துப்படுகைகளை ஆராய வந்த ஹெர்ட்மன் 1902-இல் சேகரித்த அட்டைகளை 1903-இல் ஜோசப் பியர்சன் விவரித்தார். நாம் பிழைக்க வந்த இந்தக் கொல்கத்தாவுக்கும் இதில் பங்குண்டு. ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற அளவைக் கப்பல் இந்தியக் கடல்களில் அள்ளிவந்த அட்டைகளைக் கேலர், வானே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆழ்கடல் வகைகளைப் பற்றிய பகுதி 1905-இலும் கரையோர வகைகளைப் பற்றியது 1908-இலும் இங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் சார்பில் வெளிவந்தன. சௌரங்கியில் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மம்மியைக் காட்டிவிட்டுத் திரும்பும் அதே ‘ஜாதுகர்’தான்.

ஆனால் தொழிலையும் உயிரியலையும் சேர்த்துப் பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜேம்ஸ் ஹார்னெல்லைச் சொல்வேன். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றியவர். சங்கு, முத்து, படகு என்று நம் கடற்கரையின் எல்லாத் தொழில்களையும் பற்றி எழுதியவர். 1917-இல் சென்னை மீன்துறை வெளியீட்டில் இந்திய அட்டைத் தொழிலின் வரலாற்றையும் அப்போது அது மீண்டும் உயிர்பெற்றதையும் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அட்டைத் தொழிலுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்று மேடைகளில் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அவித்துக் காயவைக்கும் முறை சீனர் கொடுக்கல் வாங்கலில் நம் கரைக்கு வந்தது என்ற கருத்துக்கு இடம் இருக்கிறது.

அந்த முறையைக் கேளுங்கள், இதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. பிடித்த வெள்ளை அட்டையின் பின்முனை அருகே சிறிதாகக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு அவிப்பார்கள். பிறகு கரையோரம் ஈர மணலில் குழி தோண்டி ஒரு ராத்திரி புதைத்து வைப்பார்கள். மறுநாள் எடுத்தால் மேல்தோல் அழுகி இளகியிருக்கும். கூடையில் போட்டுக் கடல்நீர் ஊற்றிக் காலால் மிதித்துத் தேய்ப்பார்கள்; சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கரைந்து ஓடும். அது போகாவிட்டால் சரக்கு மட்டம், விலை இறங்கும். பிறகு மறுபடி அவித்து வெயிலில் காயவைப்பார்கள். அந்தக் கரைந்து ஓடும் சுண்ணாம்பு வேறொன்றுமில்லை; அறிஞர் நுண்ணோக்கியில் தேடும் மேசைகளும் பொத்தான்களும்தான்! முதுகின் நிறம், வயிற்றின் வெண்மை, குழாய்க் கால், கொம்பு எல்லாம் கொப்பரையில் போய்விடுகின்றன. எஞ்சிய கையெழுத்தில் பெரும்பகுதி காலடியில் போய்விடுகிறது. ஓரடி நீளமிருந்த அட்டை நாலு அங்குலக் கருங்கட்டையாகச் சுருங்கும். எடையில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. பழகிய வியாபாரி அதையும் தடவிப் பார்த்து இது இன்னது என்பார். மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சட்டம் இந்தக் கருங்கட்டையைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிடிப்பு அளவுமீறிப் போனது. காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொண்டு முக்குளித்தது போதாமல் அடித்தரையை வாரும் வலைகளும் வந்தன. குஞ்சு குளுவான் எல்லாம் கரைக்கு வந்தது. 1982-இல் மத்திய அரசு 75 மில்லிமீட்டருக்குக் குறைவான உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடை போட்டது. மூன்று அங்குலம். நல்ல நோக்கம்; ஆனால் அளவு உலர்ந்த சரக்குக்கு. உயிரோடு இருக்கும்போது எவ்வளவு நீளம் இருந்தால் காய்ந்தபின் மூன்று அங்குலம் தேறும் என்பதைக் கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியவர் மீனவர். சிறியது என்று துறைமுகத்தில் ஒதுக்கப்பட்ட அட்டை மறுபடி கடலுக்கா போகப்போகிறது?

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டி.பி. ஜேம்ஸ் குழுவினர் வெள்ளை அட்டையைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். தொட்டி நீரின் வெப்பத்தைச் சில டிகிரி கூட்டியதும் அட்டைகள் தலையைத் தூக்கி ஆடத் தொடங்கிவிடும். இந்திய அட்டைகளைப் பற்றி ஜேம்ஸ் எழுதியவற்றில் அறிவியல் பெயரோடு மீனவர் வைத்த பெயரையும் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நாம் நினைக்கலாம்.

2001 ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி இருக்கும் பட்டியலில், கடல் அட்டைகள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. அனைத்தும் என்றால் வெள்ளை அட்டையும், குச்சி அட்டையும், கையில் ஒட்டும் விலைபோகாத பாம்பு அட்டையும். சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பிறகும் பிடிக்க, விற்க, கடத்தத் தடை நீடிக்கிறது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் என்று செய்தி வராத வருஷம் இல்லை.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அவித்த சரக்கில் வகை பிரிக்கச் சுங்க அதிகாரியால் முடியாது; ஒன்றைத் தடுத்து ஒன்றை விட்டால் எல்லாமே விட்ட பெயரில் போய்விடும். ஆகவே ஒட்டுமொத்தத் தடை நடைமுறைக்கு எளிது. ஆனால் அதிகம் பிடிபட்டுக் குறைந்துபோனது வெள்ளை அட்டை. குச்சி அட்டையோ, இரண்டாகத் துண்டுபட்டு இரண்டும் வளரக்கூடியது. இரண்டையும் ஒரே வரியில் எழுதியதில், பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த அறிவால் பயன் இல்லாமல் போனது. எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கிறார்கள், யாழ்ப்பாணப் பக்கம் வேலியடைத்து வெள்ளை அட்டை வளர்க்கிறார்கள். ஒரே கடல், ஒரே அட்டை, இந்தப் பக்கம் குற்றம். தடையை நீக்கக் கேட்கும் மீனவர் குரல் அங்கிருந்துதான் எழுகிறது. உடனே முழுதாக நீக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வகைவாரியாகப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை மறுக்கவும் மனம் வரவில்லை.

உலக அளவிலேயே இப்போது வகை பிரித்துத்தான் பேசுகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கை 2019-இல் மூன்று வகை அட்டைகளை மட்டும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2012-இல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வொரு வகைக்கும் உயிரோடு இருக்கும் படமும் காய்ந்த படமும் உண்டு. சந்தேகம் வந்தால் டி.என்.ஏ. பரிசோதனையும் இருக்கிறது. இங்கேயும் 2020-இல் லட்சத்தீவில் 239 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடல் அட்டைகளுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். உலகில் அப்படி ஒன்று அதற்கு முன் இல்லை. ஆனால் வேதாளையில் தடவிப் பார்த்து வகை சொன்ன கிழவர்களுக்குப் பிறகு, 2001-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் அந்தப் பெயர்களை எங்கே கற்பார்கள்? ‘இதெல்லாம் கேஸ் ஆயிரும்ப்பா, தொடாத’ என்பதுதான் வீட்டுப் பாடம்.

கோடை விடுமுறைக்கு ராமேஸ்வரம் போகிறவர்கள், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் பாறையும் மணலுமான ஆழமில்லாத இடத்தில் நின்று பார்த்தால் கறுப்பு அட்டை கண்ணில் படலாம். கறுப்பில் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் மணலைப் பூசிக்கொண்டு, முதுகில் இரண்டு வரிசையாக வட்ட வட்டமாக மணல் ஒட்டாத இடம் விட்டு, திறந்த மணலில் கிடந்தால் அது ஹோலோதூரியா ஆட்ரா, நம் குச்சி அட்டை. மணல் பூசாமல் பளபளவென்று, பின்பாதியைப் பாறைக்கடியில் வைத்துக்கொண்டு முன்பாதியை மட்டும் நீளமாக நீட்டித் தரையைத் துழாவிக்கொண்டிருந்தால் அது ஹோலோதூரியா லூகோஸ்பிலோட்டா என்ற வேறொன்று. கையில் எடுக்க வேண்டாம், சட்டம் இருக்கிறது. நின்று பார்த்தாலே தெரியும்.